எம்ஜிபி, எம்ஜிசி: எஞ்சினில் என்ன வித்தியாசம்?

கேள்வி: லண்டன் பக்கம் எம்ஜி கம்பெனியின் 1968 எம்ஜிசி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கு. பார்க்க அப்படியே அதே கம்பெனியின் எம்ஜிபி, பானெட்டில் மட்டும் ஒரு புடைப்பு. உள்ளே அப்படி என்னங்க இருக்கு?

பதில் 1: அந்தப் புடைப்புக்குக் கீழேதான் சங்கதியே! பி-யில் 1798 சிசி, நாலு சிலிண்டர். சி-யில் 2912 சிசி, ஆறு சிலிண்டர். அதை நுழைக்க முன் சஸ்பென்ஷனையே மாற்றி டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி) வைத்தார்கள். மூக்கு கனம். நான் ஓட்டினப்போ நெடுஞ்சாலையில் சொகுசு, வளைவில் கைவலி.

பதில் 2: அண்ணே, பி-யிலேயே வந்த வி8-ஐ (எட்டு சிலிண்டர்) விட்டுட்டீங்களே. 1973-ல் வந்தது, 3528 சிசி ரோவர் அலுமினிய எஞ்சின். பி-யின் நாலு சிலிண்டர் இரும்பு எஞ்சின் எடைதான் ஏறக்குறைய!

கேட்டவர்: வீட்டம்மாவுக்குக் கூரை திறக்கணுமாம்.

பதில் 2: அப்போ சி-தான். அந்த வி8 கூரை மூடின கூபேயில் மட்டும்தான் வந்தது.