கான்ஸ்டபிளின் 'ஹே வெய்ன்' நகல்: பச்சை ஏன் பிளாஸ்டிக் போல வருகிறது?

கரிக்கோடு:
ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'தி ஹே வெய்ன்' (வைக்கோல் வண்டி, 1821) ஓவியத்தை ஆயிலில் நகலெடுக்கிறேன். 24×36 அங்குல கேன்வாஸ், அடித்தளமாக வெள்ளை ஜெஸ்ஸோ பூச்சு. மரங்களுக்கு விரிடியன் (நீலச்சாயல் பச்சை), லெமன் யெல்லோ, டைட்டானியம் வைட் கலந்தேன். பச்சை பிளாஸ்டிக் போலப் பளிச்சென்று இருக்கிறது. உயரத்தைச் சரியாகப் பிடித்தால் அகலத்தில் இடம் மிஞ்சுகிறது. இன்னொன்று: வண்டி ஏன் ஆற்றுக்குள் நிற்கிறது? சக்கரத்தை நனைக்கத்தான் என்கிறார்களே?

வண்ணக்குழம்பு:
சிக்கல் ஜெஸ்ஸோவிலேயே தொடங்குகிறது. வெள்ளைத் தளத்தின் மேல் எந்தப் பச்சையும் கூச்சலிடும். கான்ஸ்டபிள் பழுப்புச் சாயலுள்ள தளத்தில் வேலை செய்தார், இலைகளுக்கு நடுவே அதை அங்கங்கே தெரியவும் விட்டார். பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) யெல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) சம அளவு எடுத்து, டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துப் பூசி, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அவசரமென்றால் இந்த ஒரு பூச்சை மட்டும் அக்ரிலிக்கில் செய்யலாம்.

விரிடியனை ஒதுக்கிவிடுங்கள். பச்சையை ஓக்கரும் பிரஷ்யன் ப்ளூவும் (கருநீலம்) கலந்து உண்டாக்குங்கள்; ஓக்கர் ஐந்து பங்குக்கு ப்ளூ ஒரு பங்குகூட வேண்டாம். அது எல்லாவற்றையும் விழுங்கும் நிறம், கத்தி நுனியில் தொட்டுத் தொட்டுச் சேர்க்கவும். நிழலுக்கு பர்ன்ட் சியன்னா. வெயில் படும் இலைக்கு வெளிர் காட்மியம் யெல்லோ. வெளிச்சம் வேண்டுமென்று டைட்டானியம் வைட்டைக் கலந்தால் பச்சை சுண்ணாம்பு பூத்துக் குளிர்ந்துவிடும். உங்களுக்கு நடந்தது பாதி இதுதான்.

குதிரைகளின் சேணத்தில் இருக்கும் சிவப்பைக் கடைசிக்குத் தள்ளிப்போடாதீர்கள். மிகச் சிறிய இடம்தான், ஆனால் அதை வைத்த பிறகுதான் சுற்றியுள்ள பச்சை சரியா தவறா என்று கண்ணுக்குத் தெரியும். இலையிலும் நீரிலும் உள்ள வெள்ளைத் தெறிப்புகளை (அந்தக் காலத்து விமர்சகர்கள் 'பனி' என்று கேலி செய்தது இதைத்தான்) அடிப்பூச்சு காய்ந்தபின் கத்தியாலோ விறைப்பான பிரஷ்ஷாலோ வையுங்கள். ஈரத்தில் வைத்தால் பச்சையோடு குழம்பிவிடும்.

அடிப்பூச்சில் டர்பன்டைன், மேலே போகப் போக லின்சீட் எண்ணெய். இது தலைகீழானால் பூச்சில் பின்னாளில் வெடிப்பு விழும்.

அளவுகோல்:
மூலம் 130.2×185.4 செ.மீ. விகிதம் சுமார் 1:1.42, உங்கள் கேன்வாஸ் 1:1.5. உயரம் 24 அங்குலமென்றால் அகலம் 34.2 அங்குலம்தான். மிச்சம் 1.8 அங்குலத்தை டேப் ஒட்டி விட்டுவிடுங்கள். புல்வெளியை இழுத்து நிரப்பினால் வண்டி இடப்பக்கம் தள்ளிப்போனதுபோல் ஆகி, படமே சாயும். பயிற்சிக்கு ஏ3 தாள் ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இதே அளவில் அவர் முன்னோட்டமாகத் தீட்டிய ஆயில் வரைவு இருக்கிறது. நேஷனல் கேலரியில் உள்ள முடிந்த ஓவியத்தைவிட, அடுக்குகளைப் புரிந்துகொள்ள அதுவே உதவும். அதில் முன்கரையில் ஒரு குதிரைவீரன் உண்டு. இறுதி ஓவியத்தில் அவனை நீக்கி ஒரு பீப்பாயை வைத்து, அதையும் மூடிவிட்டார். அந்த இடத்தில் மங்கலாகத் தெரிவதைப் புதர் என்று நினைத்து நகலெடுக்க வேண்டாம்.

ஓவியப்பித்து:
வண்டி விஷயம். வெயிலில் மரம் சுருங்கினால் இரும்புப் பட்டை தளரும், நீரில் நின்றால் மரம் ஊறி இறுகும். இது உண்மைதான். ஆனால் வலப்பக்கம் தூரத்தில் பாருங்கள்: புல்வெளியில் ஆட்கள் இன்னொரு வண்டியில் வைக்கோல் ஏற்றுகிறார்கள். இது காலி வண்டி. ஸ்டவர் ஆற்றின் ஆழமில்லாத துறையைக் கடந்து அங்கே போகிறது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இடப்பக்கம் இருப்பது வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு. இடம் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்திலுள்ள ஃப்ளாட்ஃபோர்டு.

கான்ஸ்டபிள் இதைத் தீட்டியது லண்டனில். வண்டியின் அமைப்பு தெரியவேண்டுமென்று, தம்பி ஏப்ரம் மூலம் ஊரிலிருந்து கோட்டோவியம் வரவழைத்தார். ஆகவே சக்கர ஆரங்களை மனம்போனபடி போடாதீர்கள்.

1821-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்தபோது தலைப்பு 'நிலக்காட்சி: நண்பகல்'. நிழல்களை நீட்டி மாலையாக்கிவிட வேண்டாம்.

கரிக்கோடு:
நன்றி. தீட்டிய கேன்வாஸைத் தூக்கிப் போட வேண்டுமா?

வண்ணக்குழம்பு:
வேண்டாம். பச்சை நன்றாகக் காய்ந்ததும் திட்டுகளை மெல்லிய உப்புத்தாளை ஈரப்படுத்தித் தேயுங்கள், தூசி பறக்காது. பிறகு லின்சீட் கலந்த பர்ன்ட் சியன்னாவை மெல்லிய படலமாக ஏற்றுங்கள். பாதிப் பளிச்சு அடங்கிவிடும். அதன்மேல் புதுப் பச்சையைத் தொடங்கலாம்.