மாலாடு உருண்டை பிடிக்க வரலை, உதிருது

கேள்வி: தீபாவளிக்கு மாலாடு செய்றேன். பொட்டுக்கடலை 1 கப், சர்க்கரை முக்கால் கப், நெய் கால் கப். பிடிச்சா உதிருது, வாயில் நறநறன்னு இருக்கு. எங்கே தப்பு?

பதில்: அளவு சரிதாங்க. நறநறப்புக்குச் சல்லடைதான் மருந்து. கடலையையும் சர்க்கரையையும் தனித்தனியா அரைச்சுச் சலியுங்க, மேலே தங்குற குருணையைத் திரும்ப மிக்ஸியில் போடுங்க. கடலை நமுத்திருந்தா வெறும் வாணலியில் 2 நிமிஷம் சூடு காட்டி, ஆறினதும் அரைங்க. உதிர்றதுக்குக் காரணம் நெய்யில் சூடு பத்தலை. மாவில் விட்டதும் 'சுர்'ருன்னு லேசா நுரைக்கணும்.

பதில்: மொத்த மாவிலும் ஒரேயடியா நெய் ஊத்தாதீங்க. 3 உருண்டைக்கு ஆகுற மாவில் மட்டும் விட்டு, கரண்டியால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் இறுக்கிப் பிடிங்க. ஆறிட்டா பிடிபடாது. நெய் கூடினா உருண்டை தட்டையா உட்கார்ந்துடும், அப்போ காய்ஞ்ச மாவு கொஞ்சம் சேருங்க.

பதில்: தயவுசெஞ்சு பால் தெளிக்காதீங்க, சீக்கிரம் கெட்டுடும். 4 ஏலக்காயைச் சர்க்கரையோடவே அரைச்சுச் சலிச்சா திப்பி வராது.

கேள்வி கேட்டவர்: ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கிறதை என்ன பண்ண?

பதில்: வீணாகலை. கட்டியை உதிர்த்து, 1 டேபிள்ஸ்பூன் நெய்யை நல்லாக் காய்ச்சி விட்டு உடனே பிடிங்க.