வெளுத்த துணியில் கஞ்சி மிச்சம்: அயோடின் சோதனையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி (பாவுநூல்):
வணக்கம். ஈரோட்டுப் பக்கம் விசைத்தறிப் பருத்தித் துணிக்குச் சாயமிடும் ஆலையொன்றில் தரக்கட்டுப்பாட்டைக் கவனிக்கிறேன். நெசவுக்காகப் பாவில் (நீளவாட்டு நூலில்) ஏற்றிய கஞ்சியை, மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்சைமால் நீக்கி, காஸ்டிக்கும் பெராக்சைடும் சேர்த்து வெளுத்த பிறகு, துணியில் அயோடின் சொட்டு விட்டுப் பார்க்கிறோம். மாவுச்சத்து மிச்சமிருந்தால் நீலமாக வேண்டும், ஆனால் நீலம் தெரிவதில்லை. இருந்தும் அதே துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற்றினால் பாவு வாட்டத்தில் வெளிறிய கோடுகள் விழுகின்றன, கைக்கு விறைப்பும் குறையவில்லை. சோதனையை நம்பலாமா?

பதில் 1 (சாயக்கூடம்):
துணியில் காரம் மிச்சமிருந்தால் அந்தச் சோதனை பயன்படாது. காரத்தில் அயோடின் வேறு சேர்மமாக மாறிவிடுவதால், மாவுச்சத்து நிறைய இருந்தாலும் நீலம் தோன்றாது. சூடான துணியிலும் நிறம் மறைந்துவிடும். பெராக்சைடை முறிக்கச் சல்பைட், தயோசல்பேட் போன்றவற்றைப் போட்டிருந்தால் அவையும் அயோடினை நிறமற்றதாக்கிவிடும். எனவே துண்டை நன்றாக அலசி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்து, மீண்டும் அலசி, ஆறவிட்டுச் சோதியுங்கள். அதைவிட, கஞ்சி நீக்கி அலசியவுடன், வெளுப்பதற்கு முன்பே ஒரு துண்டைப் பார்ப்பது நல்லது. என்சைம் வேலை செய்ததா என்பது அங்கேதான் தெரியும்.

பதில் 2 (ஆய்வுமேசை):
சொட்டு விடுவதை விட முக்கி எடுப்பதே சரி. லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் அயோடைடும் 0.635 கிராம் அயோடினும் கொண்ட கரைசலில் துண்டை 1 நிமிடம் வைத்து, குளிர்ந்த நீரில் சட்டென அலசி, வடிதாளால் ஒற்றி, நிறம் மங்குவதற்குள் டெகேவா அட்டையோடு (மிச்சக் கஞ்சியை மதிப்பிடும் நிற ஒப்பீட்டு அட்டை) ஒப்பிட வேண்டும். அந்த ஊதா அளவுகோலில் 1 என்பது அடர் நிறம், 9 என்பது மாவுக்கஞ்சியே இல்லாத நிலை. சாயத்துக்குப் போகும் துணி 6-க்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. ஓரம், நடு, மறு ஓரம் என மூன்று இடத்திலும் வெட்டுங்கள், ஏனெனில் என்சைம் ஊறியது சீராக இல்லாவிட்டால் நடுவில் மட்டும் எடுத்த துண்டு அதைக் காட்டாது. நீலத்துக்குப் பதில் பழுப்பு கலந்த ஊதா வந்தால், வேதிமாற்றம் செய்த மாவோ செயற்கைக் கஞ்சியுடன் கலந்த மாவோ இருக்கக்கூடும்.

பாவுநூல்:
அமிலத்தில் அலசிய துண்டுகளிலும் அட்டையில் 8 வரை வருகிறது. விறைப்பும் கோடுகளும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

பதில் 3 (சைசிங்காரர்):
அப்படியானால் மிச்சமிருப்பது மாவாக இருக்காது. மரவள்ளி மாவோடு பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைக் கஞ்சியைச் சேர்த்துப் பாவுக்குக் கஞ்சி போடுவது வழக்கமானதே. அமைலேஸ் மாவுச்சத்தை மட்டுமே உடைக்கும். பாலிவினைல் ஆல்கஹாலை நல்ல சூட்டுநீரில் அலசி வெளியேற்ற வேண்டும். போரிக் அமிலம் கலந்த அயோடின் கரைசலை விட்டுப் பாருங்கள், நீலமோ பச்சை கலந்த நீலமோ வந்தால் ஐயமில்லை. கஞ்சி நீக்கும் முன் மேல் பிசிறை எரிக்கத் துணியைத் தீயில் சுட்டெடுக்கிறீர்கள் என்றால் அந்தச் சூட்டையும் கவனியுங்கள். அதிக வெப்பம் பட்ட பாலிவினைல் ஆல்கஹால் பிறகு எளிதில் கரையாது. கஞ்சிக் கலவையில் என்னென்ன எவ்வளவு என்று, பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.