குஞ்சுத் தீவனம்: மருந்து கலந்ததா, கலக்காததா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சந்தையில் நாட்டுக்கோழிக் குஞ்சு 50 பிடித்து வந்திருக்கிறேன். கடையில் ஸ்டார்ட்டர் தீவனம் ரெண்டு விதம், ஒன்றில் ஆம்ப்ரோலியம் என்று மூட்டைச் சீட்டிலேயே போட்டிருக்கு. வீட்டில் ஆன்டிபயாடிக் எதுக்கு என்கிறார்கள். மழை வேறு பிடித்துவிட்டது, எதை வாங்கட்டும்?

வேலந்தாவளம் பண்ணை:
தம்பி, அது ஆன்டிபயாடிக்கே இல்லை. ரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் மறிப்பதுதான் அதன் வேலை, அதனால் அந்தத் தீவனம் போடுகிற நாளில் பி1 டானிக்கைத் தண்ணீரில் தாராளமாக ஊற்றாதீங்க, மருந்து வீண். இந்த ஈரத்துக்கு நான் மருந்து கலந்ததுதான் சொல்வேன். 3 முதல் 6 வாரம்தான் ஆபத்தான வயசு.

சித்தூர் அக்கா:
பொரிப்பகத்திலேயே ரத்தக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுத்த குஞ்சு என்றால் வேண்டாம். அதில் இருப்பது உயிருள்ள ஐமீரியா, தீவன மருந்து அதை அடக்கிவிடும், அப்புறம் எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும்? வெள்ளைக் கழிச்சல் சொட்டு மருந்து வேறு சமாச்சாரம், அதுக்குத் தடையில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
சந்தைக் குஞ்சுக்குத் தடுப்பு மருந்தா, நல்லா கேட்டீங்க அக்கா! சரி, மருந்துத் தீவனமே வாங்குகிறேன்.

வேலந்தாவளம் பண்ணை:
வாங்குங்க, ஆனால் அதை நம்பி, தரையில் பரப்பிய உமி ஈரமாகாமல் பார்ப்பதை விட்டுடாதீங்க. தண்ணீர்க் குவளையைச் செங்கல் மேல் ஏற்றி வைங்க, சுற்றியுள்ள உமியை ஒரு பிடி அமுக்கிப் பாருங்க, உருண்டையாக நின்றால் அன்றைக்கே அள்ளிப் போட்டுப் புது உமி பரப்பணும்.