பிரீ பஸ்கால் 3.0.4ஐ வைத்து 3.3.1ஐ பில்ட் செய்யலாமா?

வெள்ளவத்தை_வாசி:
என் உபுண்டு 20.04இல் இருப்பது பிரீ பஸ்கால் 3.0.4 (பஸ்கால் மொழியில் எழுதியதைக் கணினி ஓட்டக்கூடிய புரோகிராமாக மாற்றும் கொம்பைலர்). எனக்குத் தேவை 3.3.1, பெயரில்லாத ஃபங்ஷன் எழுதும் வசதி அதில்தான் இருக்கிறது. கிட்லாப் தளத்தில் இருந்து சோர்ஸ் எடுத்து, முழுவதையும் கட்டும் 'மேக் ஓல்' கட்டளை கொடுத்தால் தொடக்கத்திலேயே நிற்கிறது. புதியதைக் கட்டத் தொடங்கும் ஆரம்பக் கொம்பைலர் 3.2.2 ஆக இருக்க வேண்டுமாம். இந்தச் சோதனையைத் தவிர்க்கும் 'ஓவர்ரைட் வேர்ஷன் செக்' போட்டுத் தாண்டலாமா?

மேக்_மன்னன்:
போடு மச்சான். பஸ்கால் கொம்பைலரே பஸ்காலில் எழுதியதுதானே. பழையது முதல் சுற்றில் ஒன்றைக் கட்டும், அது இரண்டாவதைக் கட்டும், இரண்டாவது மூன்றாவதைக் கட்டும். கடைசி இரண்டும் ஒன்றா என்று மேக்கே ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றாக இருந்தால் எதில் தொடங்கினாய் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

பழைய_டெல்பி:
நான் கேட்பேன். கடைசி இரண்டும் ஒன்று என்றால் கொம்பைலர் தன்னைத் தானே மாறாமல் கட்டுகிறது, அவ்வளவுதான். சரியாகக் கட்டுகிறது என்று அதில் எங்கே இருக்கிறது? 3.0.4இன் பிழை ஒன்று முதல் சுற்றில் புகுந்தால் அடுத்த சுற்றுகளுக்கும் போகலாம்.

மேக்_மன்னன்:
போகலாம், போகலாம்! பெரும்பாலும் அந்த அளவுக்கு வராது. சோர்ஸில் உள்ள புதிய எழுத்துமுறை 3.0.4க்குப் புரியாமல் முதல் சுற்றிலேயே எரர் வரும். வந்தால் விட்டுவிடுவது. என்ன நட்டம்?

பழைய_டெல்பி:
நேரம்தான் நட்டம். 3.2.2 கட்டிய நிலையிலேயே டவுன்லோடுக்குக் கிடைக்கிறது. ஹோம் ஃபோல்டருக்குள் போட்டு, மேக் கட்டளையில் எஃப்பிசி= என்று அதன் பிபிசிஎக்ஸ்64க்கு (கொம்பைலர் கோப்பு அதுதான்) முழுப் பாதையையும் கொடுத்தால் முடிந்தது. கதவு திறந்திருக்கும்போது ஏன் மதில் ஏறுகிறீர்கள்? அதற்கு முன் பழைய பில்ட் கோப்புகளை அழிக்கும் 'மேக் டிஸ்ட்கிளீன்' கட்டாயம். 3.0.4 விட்டுப்போன பிபியு கோப்புகளை (கட்டி முடித்த யுனிட்கள், அதாவது நிரல் பகுதிகள்) புதியது ஏற்காது.

கொட்டாஞ்சேனை_டியூசன்:
இதெல்லாம் எதற்கு? ஓ/எல் பிள்ளைகளுக்கு நான் பஸ்கால் படிப்பிக்கிறேன், உபுண்டு 22.04 பக்கேஜில் 3.2.2 தானாகவே வருகிறது. அது போதும்.

மேக்_மன்னன்:
சேர், அவர் கேட்பது பெயரில்லாத ஃபங்ஷன். 3.2.2இல் அது கிடையாது.

வெள்ளவத்தை_வாசி:
பழைய_டெல்பி அண்ணா சொன்னபடி செய்தேன், பில்ட் முடிந்தது. இன்ஸ்டோல் செய்து ஒரு சின்ன புரோகிராம் கொடுத்தால் 'சிஸ்டம்' யுனிட்டைக் காணவில்லை என்கிறது.

பழைய_டெல்பி:
அது கொம்பைலரின் குற்றம் இல்லை. ஈடிசி ஃபோல்டரில் உள்ள பழைய எஃப்பிசி.சிஎஃப்ஜி என்ற கொன்ஃபிக் கோப்பு, பக்கேஜ் வைத்த இடத்தில் 3.3.1 யுனிட்களைத் தேடுகிறது. நீங்கள் வைத்ததோ வேறு இடம். கொன்ஃபிக் கோப்பை உருவாக்கும் 'எஃப்பிசிஎம்கேசிஎஃப்ஜி' கட்டளைக்கு பேஸ்பாத்தாகப் புதிய லிப் பாதையைக் கொடுத்து, ஹோம் ஃபோல்டரில் .எஃப்பிசி.சிஎஃப்ஜி உருவாக்குங்கள். ஈடிசியில் உள்ளதற்கு முன் அதைத்தான் படிக்கும். 'பின்' (bin) என்ற ஃபோல்டரில் பிபிசிஎக்ஸ்64க்கு ஒரு சிம்லிங்கும் (அந்தக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடுங்கள், மேக் இன்ஸ்டோல் அதைச் செய்து தராது. இல்லாவிட்டால் எஃப்பிசி கட்டளை பழைய 3.0.4ஐக் கூப்பிடலாம்.

மேக்_மன்னன்:
பார்த்தீர்களா, 3.2.2இல் தொடங்கியும் இந்தக் கரைச்சல் வந்ததே.

பழைய_டெல்பி:
வந்தது, ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரிந்தது. 3.0.4இல் தொடங்கியிருந்தால் கொம்பைலரையும் சேர்த்துச் சந்தேகப்பட வேண்டும்.

மேக்_மன்னன்:
நான் சந்தேகப்பட மாட்டேன்.

வெள்ளவத்தை_வாசி:
கொன்ஃபிக் மாற்றினேன், ஓடுகிறது. நீங்கள் இருவரும் தொடருங்கள்.