மறு: அப்ளையன்ஸ் – 'பணிக்கலம்' சரிவருமா?

வணக்கம். 'அப்ளையன்ஸ்' (appliance) என்ற கணினிச் சொல்லுக்குத் தமிழில் 'பணிக்கலம்' என்று வைக்கலாமா என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> 'சாதனம்' என்றே விட்டுவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, சாதனம் எப்போதோ டிவைஸுக்குப் போய்விட்டது. கைப்பேசியும் சாதனம், பிரிண்டரும் சாதனம். வன்பொருள், இயங்குதளம், தரவுத்தளம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி, ஒரே வேலைக்கென்று பதப்படுத்தி விற்பதையும் அப்படியே சொன்னால் எப்படி?

ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தள இயந்திரமான எக்ஸாடேட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் ஆரக்கிள் இதை எச்பி வன்பொருளில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே சன் வன்பொருளுக்கு மாறியது. பிறகு வந்த எக்ஸ்2-2 மாடலின் முழு ரேக்கில் 8 தரவுத்தள வழங்கிகள் (சர்வர்கள்), 14 சேமிப்பு வழங்கிகள், இடையே இன்ஃபினிபேண்ட் என்ற அதிவேக இணைப்பு இருந்தன. அங்கங்கே தனித்தனி வழங்கிகளில் ஓடும் தரவுத்தளங்களைக் கொண்டுவந்து சேர்க்கத்தான் நிறுவனங்கள் இதை வாங்குகின்றன. ஆனால் வழங்கிகளை அடுக்கிவைப்பது யாராலும் முடியும். விஷயம் வேறு. ஒரு பெரிய அட்டவணையை முழுதாகத் துழாவி ஒரே ஒரு கிளையின் விற்பனையைக் கேட்கிறோம் என்று வையுங்கள். வழக்கமான அமைப்பில் அட்டவணை மொத்தமும் தரவுத்தள வழங்கிக்கு வந்து, அங்கேதான் சலிக்கப்படும். இங்கே சேமிப்பு வழங்கியே சலித்துவிட்டு, வேண்டிய வரிசைகளையும் நெடுவரிசைகளையும் மட்டும் மேலே அனுப்புகிறது. உதிரியாக வாங்கிக் கோத்தால் இது கிடைக்காது. 'ஒன்றுக்கென்றே செய்தது' என்ற பொருள் சொல்லில் வர வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

> 'ஒருபணிப் பெட்டி' எப்படி?

நிறுவனங்கள் தங்கள் ஆவணங்களைத் தேடிக்கொள்ள கூகுள் 2002-இல் விற்க ஆரம்பித்த தேடல் பெட்டிக்குக் கச்சிதம். விர்ச்சுவல் அப்ளையன்ஸ் வந்தால் தகராறு. அது வெறும் கோப்பு. இறக்கி, ஹைப்பர்வைசரில் (ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளில்) ஏற்றினால் ஓடும், பெட்டியே கிடையாது. அதை 'மெய்நிகர் பெட்டி' என்றால் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைச் சொல்கிறோம் என்பார்கள்!

உண்கலம், படைக்கலம், அணிகலன்: மூன்றும் ஒரு பயனுக்கென்று ஆனவை, அந்தப் பயன் முன்சொல்லிலேயே நிற்கிறது. அதே வார்ப்பில் பொதுப்பெயர் பணிக்கலம், தேடலுக்குத் தேடுகலம், கோப்பு ஏற்றுகிறவர்களுக்கு மெய்நிகர் பணிக்கலம்.

> இலங்கைப் பாடநூல்களில் கலம் என்றால் செல் (உயிரணு).

வலுவான மறுப்பு இதுதான். போதாக்குறைக்கு எக்ஸாடேட்டாவின் சேமிப்பு வழங்கிகளையும் ஆரக்கிள் 'செல்' என்றுதான் அழைக்கிறது. ஆகவே 'சேமிப்புக் கலம்' வேண்டாம். அந்த இடத்தில் சேமிப்பு வழங்கி என்றே எழுதுவோம். பணிக்கலத்தை யாரும் உயிரணு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம், ஆரக்கிள் எக்ஸாடேட்டாவை 'இன்ஜினியர்டு சிஸ்டம்' வரிசையில் வைக்கிறது. 2011-இல் வந்த அதைவிடச் சின்ன இயந்திரத்துக்குத்தான் 'டேட்டாபேஸ் அப்ளையன்ஸ்' என்று பெயர். விற்பனைப் பெயர் அவர்கள் பாடு. நமக்கு இரண்டும் தரவுத்தளப் பணிக்கலமே.

மேலே சொன்னபடி சிதறிய தரவுத்தளங்களை ஓரிடத்தில் சேர்க்கும் கன்சாலிடேஷனுக்கு 'ஒருங்குசேர்ப்பு' போதும். 'ஒருங்கிணைப்பு' இன்டெக்ரேஷனுக்கு வேண்டியிருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.