எலிக்காக வரும் பருந்து

நாங்கள் இருப்பது மலேசியாவின் பஹாவில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டிய தாமான், அதாவது வீடமைப்புப் பகுதி. வேலிக்கு அந்தப் பக்கம் பழைய மரங்களைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்திருக்கிறார்கள். கன்றுகள் இன்னும் இடுப்பளவுதான், சுற்றிலும் வெட்டவெளி. கருந்தோள் பருந்துக்கு இந்த மாதிரி இடம்தான் வேண்டும். மலாய்க்காரர்கள் லாங் திக்குஸ் என்பது இதைத்தான்.

என் மாமியார் பார்த்ததுமே கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருடன் செம்மண் நிறம், தலையும் மார்பும்தான் வெள்ளை. இதற்கு அடிப்பக்கம் முழுக்க வெள்ளை, முதுகு சாம்பல், தோளில் கறுப்புப் பட்டை. காக்கையைவிடக் கொஞ்சம் சின்னது. “எதுவா இருந்தா என்ன, வந்திருக்குல்ல” என்று மாமியார் மறுபடியும் கும்பிட்டார். அதுவும் சரிதான்.

வானத்தில் ஒரே இடத்தில் சிறகடித்தபடி நிற்கும். தலை மட்டும் தரையைப் பார்த்துக் குனிந்திருக்கும். அப்புறம் சிறகுகளை மேலே தூக்கி, காலைத் தொங்கவிட்டு அப்படியே இறங்கும். ஒருநாள் காலையில் எலியோடு வந்து எங்கள் துணிக்கொடிக் கம்பத்தில் உட்கார்ந்தது. நான் சமையலறை ஜன்னலை விட்டு நகரவே இல்லை. ஒரு காலால் எலியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரோமத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டது. கீழே காய்ந்த துணியெல்லாம் எலி மயிர். நடுநடுவே வாலை மேலும் கீழும் ஆட்டும். கண் குன்றிமணி போல அப்படி ஒரு சிவப்பு. மைனாக்கள் கத்திக்கொண்டே இருந்தன, அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் நாட்டுக்கோழி வளர்க்கிறார். குஞ்சைத் தூக்கிவிடும் என்று லாஸ்டிக்கோடு, அதாவது கவணோடு வந்துவிட்டார். “அண்ணே, கால்ல என்ன இருக்குன்னு பாருங்க” என்றேன். பார்த்தார். லாஸ்டிக்கைப் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்குக் கவலை லாஸ்டிக் இல்லை, எலி மருந்துதான். தோட்டங்களில் பழத்தைத் தின்னும் எலிக்காகப் பெட்டி கட்டிக் கூகை வளர்க்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் கடையில் விற்கும் சில மருந்துகள் ரத்தம் உறையாமல் செய்து கொல்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். பருந்துக்கும் கூகைக்கும் சுலபமாகச் சிக்குவது அந்த எலிதான். விஷம் அதோடு பறவைக்குள்ளும் போய்விடும். புரோடிஃபாகம் வகை ரொம்ப மோசம், உடம்பில் நீண்ட நாள் தங்கும்.

இதை அண்ணனிடம் சொன்னேன். கோழித் தீவனத்துக்கு எலி வருகிறதே என்றார். தீவனத்தை மூடிபோட்ட தோம்பில் வைத்துவிட்டு, கூண்டுப் பொறி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அடுத்த சம்பளத்தில் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் எங்கள் பொறியைத்தான் வேலிக்கு மேலே கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.